பிரிக்காத சீட்டு

சங்குமுனை சகாய மாதா கோயிலில் திருவுளச்சீட்டு, எழுதிப் போட்டதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்ல ஆரம்பித்தது தவசுகாலத்தின் மூன்றாவது புதன்கிழமை, நவநாள் முடிந்து சாம்பிராணிப் புகை இன்னும் கலையாத நேரத்தில். அன்றைக்குச் சீட்டை எடுத்தது என் மகள் செசிலி, அவளுக்கு அப்போது ஏழு மாதம், கீழ்ப்பல் ஒன்று மட்டும் அரிசி நுனி போல எட்டிப் பார்த்திருந்தது.

எங்கள் ஊரில் எதையும் சீட்டுப் போடாமல் செய்கிற வழக்கம் கிடையாது. மீன்பிடி லாஞ்சியை விற்கலாமா, மகனைக் கப்பலுக்கு அனுப்பலாமா, மாப்பிள்ளை இவரா அவரா, கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்களே எடுத்துவிடலாமா, தண்ணீர்த் தொட்டியை வீட்டுக்கு வடக்கே வைப்பதா தெற்கே வைப்பதா, எல்லாவற்றுக்கும் இரண்டு துண்டுக் காகிதம்தான். ஒன்றில் சரி, ஒன்றில் வேண்டாம், நாலாக மடித்து மாதாவின் பாதத்தில் பித்தளைத் தட்டில் போட்டு, தொம்மை உபதேசியார் மணியை அடிக்க அடிக்க, இன்னும் எழுத்து அறியாத ஒரு பிள்ளையின் கையால் ஒன்றை எடுக்கவைத்தால், எடுத்தது மாதாவின் சித்தம். இதில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. சங்குமுனையில் யாரும் இரண்டு சீட்டில் இரண்டு விதமாக எழுதுவதில்லை. எது வேண்டுமோ அதையே இரண்டிலும் எழுதுவோம். இதை ஏமாற்று என்று யாரும் சொன்னதில்லை. மாதாவுக்கு ஊர்ப்பட்ட வேலை, அவளைப் போய்க் குழப்பக்கூடாது என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் எழுதினேன், எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இரண்டு சீட்டிலும் கிளாட்சன், கிளாட்சன் என்று. கான்வென்டில் சிஸ்டர்கள் கற்றுத்தந்த ஆன்ம சோதனையில் எந்தப் பாவத்துக்குக் கீழே இதைச் சேர்ப்பது என்று தெரியவில்லை, அதனால் சேர்க்கவில்லை.

அந்தப் புதன்கிழமை சீட்டுப் போட்டவர் மச்சாது அண்ணாச்சி. இரண்டு லாஞ்சிக்குச் சொந்தக்காரர், பெண்டாட்டியை அடக்கம் செய்த அன்றைக்கே ஒற்றை மகளை மாதாவுக்குக் கொடுத்துவிடுவதாக நேர்ந்துகொண்டவர். மகள் மேரி கிளாரா கான்வென்டில் எனக்கு மூன்று வகுப்பு கீழே படித்தவள், இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள், நேர்ச்சையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மிஷினைத் திறந்து உள்ளே பேப்பர் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிடுவாள். அண்ணாச்சி இரண்டு சீட்டிலும் 'கிளாரா மடத்துக்குப் போகணும்' என்று எழுதிப் போட்டிருந்தார். செசிலி ஒன்றை எடுத்தாள், எடுத்த கையோடு வாய்க்குக் கொண்டுபோனாள், உபதேசியார் அதைப் பிடுங்கிப் பிரித்து ஊருக்கே கேட்கும்படி வாசிக்க வாயெடுத்தவர், நிறுத்தி, மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றி, கீழே இறக்கி, "அண்ணாச்சி, இதுல 'கிளாராவிடம் கேள்'னுல்லா போட்டிருக்கு?" என்றார்.

"எவம்ல மாத்துனது?"

"மாத்துறதுக்கு யாரு இருக்கா? உம்ம கையெழுத்துதான் வேய். கோழி கிண்டுன மாதிரி வேற யாரு எழுதுவா?"

"நான் அப்படி எழுதலவே."

"சரி, அடுத்ததையும் பிரிச்சுருவோம்."

அடுத்ததில், அதே கோழி கிண்டிய எழுத்தில், 'அவளிடம்தான் கேள்' என்று இருந்தது. அண்ணாச்சி இரண்டு சீட்டையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாதாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகளிடம் எதுவும் கேட்காமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார் என்று கேள்வி.

செசிலியை ஏன் எடுக்கவைத்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். உபதேசியாரின் மணி சின்ன மணி இல்லை, பழைய கப்பலிலிருந்து வந்தது, அதைப் பக்கத்தில் நின்று அடித்தால் மற்றப் பிள்ளைகள் வீல் என்று கத்தி, முகம் சிவந்து, சீட்டை எடுக்காமல் தாயின் சேலையைப் பிடித்துக்கொள்ளும். என் மகள் மட்டும் மெழுகுவர்த்திச் சுடரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். "சம்மனசு மாதிரி பிள்ள, ஒரு பயம் உண்டா பாரு" என்று பெண்கள் வானதூதரைத் தொடுவதுபோலக் கன்னத்தைத் தொட்டு முத்திக்கொள்வார்கள். சங்கீதக்காரர்களுக்குப் பாதுகாவலியான செசிலியம்மாளின் திருநாளுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை, அதனால்தான் அந்தப் பெயர். அவளுக்கு ஏன் பயமில்லை என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று எழுதிவிட்டு, அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன், வேண்டாம், கிடக்கட்டும்.

அடுத்த புதன்கிழமை ரெஜினா அக்கா சீட்டுப் போட்டாள். எங்கள் பக்கத்து வீடு, தையல்காரி, தனி ஆள். சென்னையில் இருக்கிற மகனோடு போய் இருந்துவிடுவது என்று முடிவு கட்டி, தையல் மிஷினை விலை பேசிவிட்டுத்தான் சீட்டே எழுதினாள். பிரித்தபோது அவளுடைய குண்டு குண்டு எழுத்தில், 'அவன் உன்னைக் கூப்பிடவில்லை' என்று இருந்தது. அக்கா அதை இரண்டு தரம் வாசித்து, "ஆமா, கூப்பிடலதான்" என்று யாருக்கோ பதில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, மிஷினை விற்காமல் வைத்துக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் ஐஸ் கம்பெனி மேனேஜர், அதற்கடுத்த வாரம் கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர், கடைசியில் பங்குச்சாமியாரே ஆயருக்கு எழுதுமுன் ஒரு உறுதிக்காக இரண்டு சீட்டிலும் 'மாற்றல் கிடைக்கும்' என்று எழுதிப் போட, லத்தீனில் பழகிய அவருடைய அழகான எழுத்தில், 'முதலில் பிரசங்கத்தைச் சுருக்கு' என்று வந்தது.

இது எப்படி நடக்கிறது என்று கேட்டவர்கள் எங்கள் ஊரில் மிகவும் குறைவு. மாதா கோயிலில் மாதா பேசாமல் வேறு யார் பேசுவார்கள்? இதை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதுதான் எல்லார் வாயிலும் பேச்சு. பேனாவை மாற்றிப் பார்த்தார்கள். ஜெபித்து மந்திரித்த மையில் எழுதிப் பார்த்தார்கள். இங்கிலீஷில் எழுதினார்கள், தமிழில் வந்தது. கிளாராவின் கடையில் டைப் அடித்துக் கொண்டுவந்தார்கள், பிரித்தால் சொந்தக் கையெழுத்தில் இருந்தது. எழுதத் தெரியாத சவரியம்மாள் வெறும் கைநாட்டு வைத்துப் போட, பெருவிரல் ரேகையே சுருண்டு வளைந்து, இருபது வருஷமாக அவள் பேசாமல் இருக்கிற தங்கச்சியின் முகம் போலத் தெரிந்தது என்று கூடநின்றவர்கள் சொன்னார்கள். மடக்கிவிடலாம் என்று எண்ணி, வேண்டாததையே இரண்டிலும் எழுதிப் போட்டவர்களுக்கு, எழுதியது எழுதியபடியே வந்து தொலைத்தது. இப்படி எத்தனையோ செய்து பார்த்த எங்கள் ஊரில், ஒன்றில் ஒன்றும் இன்னொன்றில் இன்னொன்றும் எழுதிப் போட்டுப் பார்ப்போமே என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உயிர்ப்புத் திருநாள் கழிந்து பங்குக் கூட்டம் போட்டார்கள். சீட்டை நிறுத்திவிடலாம் என்று சிலர், கோயிலில் இல்லாமல் வெளியே குகை மாதிரி கட்டிய கெபியில் போடலாம் என்று சிலர், மாதாவிடம் வேண்டாம் இனிமேல் அந்தோணியாரிடம் கேட்போம் அவர் கொஞ்சம் இளகின மனசுக்காரர் என்று சிலர். அப்போதுதான் மச்சாது அண்ணாச்சி எழுந்து, இத்தனை நாளில் ஊருக்கு யாரும் சொல்லாத ஒரு வழியைச் சொன்னார்.

"வாசிச்சாத்தான வம்பு? சீட்டுப் போடுவோம், எடுப்போம், கும்பிடுவோம். பிரிக்க வேண்டாம். மாதா பதில் தந்துட்டா, அது நம்ம கையில இருக்கு, அது போதாதா? அத வாசிச்சே ஆகணும்னு எந்த வேதத்துல வேய் எழுதியிருக்கு?"

எல்லோரும் பங்குச்சாமியாரைப் பார்த்தார்கள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு, தமக்கு வந்த சீட்டை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, "அறியாமலே விசுவசிப்பதும் ஒரு புண்ணியம்தான்" என்று சுருக்கமாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அப்படித்தான் ஊர் நிம்மதியானது. சீட்டைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று ரெஜினா அக்கா, மாதா படம் தைத்துக் கழுத்தில் தொங்கவிடும் உத்தரியம் போலச் சின்னச் சின்னப் பை தைக்க ஆரம்பித்தாள். மிச்சம் விழுந்த பீடத் துணியில், கல்யாண ஜாக்கெட்டு வெட்டிய பட்டில், பள்ளிக்கூட யூனிபார்ம் நீலத்தில், நாலு பக்கமும் அடித்து மூடி, கறுப்புக் கயிறு கோத்து, கழுத்தில் போட்டுக்கொள்ளும்படி. வைகாசி வருவதற்குள் சங்குமுனையில் பை இல்லாத கழுத்தே இல்லை. முன்பு வருஷத்துக்கு ஒரு தரம் கேட்டவர்கள் வாரத்துக்கு ஒரு தரம் கேட்டார்கள், ஒன்றுக்குப் பதினோரு பை போட்டுக்கொண்டு ஆட்டுக்கிடா போல அசைந்து நடந்தவர்களும் உண்டு. எவர் எதைச் செய்தாலும் பையைத் தட்டிக்காட்டி, "உத்தரவு வாங்கியாச்சு" என்பார்கள். கேட்டவர் தன் பையைத் தடவிக்கொள்வார். பூசையில் எழுந்தேற்றத்துக்கு எல்லோரும் ஒன்றாக முழங்காலிடும்போது, காய்ந்த கடல்பாசி மேல் நண்டுகள் நடப்பதுபோல, நூற்றுக்கணக்கான காகிதங்கள் நெஞ்சில் உரசும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் பக்தியாக இருக்கிறது என்று சொன்னார்கள். எனக்கும் இருந்தது.

என் புருஷனும் ஒரு பை போட்டிருந்தார், யூனிபார்ம் நீலத்தில். அவர் ஐஸ் கம்பெனியில் மிஷின் பார்க்கிறவர். "நீங்க எதுக்குக் கேட்டீங்க?" என்றேன். "கம்பெனி விஷயம்" என்றார். நான் அதை நம்பினேன், நம்புவது சுலபமாக இருந்தது.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குச் சுகாதார நிலையத்துக்குப் போனபோது, அங்கிருந்த நர்ஸ், புதிதாக வந்தவள், சங்குமுனைக்காரி இல்லை, கழுத்தில் பை இல்லை, ஊசி போட்டு முடித்தபின் செசிலியின் முதுகுக்குப் பின்னால் ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினாள். இந்தப் பக்கம் ஆட்டினாள், அந்தப் பக்கம் ஆட்டினாள். செசிலி ஊசி போட்ட இடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஒரு சீட்டு எழுதினாள்.

"திருநெல்வேலி பெரியாஸ்பத்திரில காது டெஸ்ட் எடுத்திரும்மா. ஒரு வயசுக்குள்ள போயிரணும். இப்பவே பிடிச்சிட்டா மிஷின் வச்சோ ஆப்ரேஷன் பண்ணியோ பேச்சு வரவைக்கப் பார்க்கலாம். நாள் போகப் போகக் கஷ்டம், என்ன?"

"இவளுக்குக் கேக்குமே" என்றேன்.

"கேட்டா நல்லதுதான. போய்ப் பாத்துட்டு வந்துரு."

அந்தச் சீட்டை நாலாக மடித்து ஜெபப் புத்தகத்தில், மரித்தோருக்கான மன்றாட்டுப் பக்கத்தில் வைத்தேன், அதை நான் அடிக்கடி திறப்பதில்லை.

சோதிக்காமல் இல்லை நான். எவர்சில்வர் தவலையைத் தரையில் போடுவேன். தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அதிர்வு தெரியும், திரும்புவாள், "பாத்தீங்களா, திரும்புதா" என்று என் புருஷனிடம் சொல்வேன். அவள் பிடரிக்குப் பக்கத்தில் கை தட்டுவேன். காற்றுப் பட்டுத் திரும்புவாள். கதவைப் பட்டென்று திறப்பேன். வெளிச்சம் மாறும், திரும்புவாள். "எல்லாம் கேக்குது" என்பார் அவர். "உன்ன மாதிரிதான், கூப்பிட்டா உடனே திரும்புனா கவுரவம் குறைஞ்சிரும்லா" என்று நான் சிரிப்பதற்காகச் சொல்வார், நானும் சிரிப்பேன். எந்தச் சோதனையில் அவள் ஜெயிப்பாள் என்று எனக்குத் தெரியும், அதை மட்டும் வைத்தேன். உண்மையான சோதனை ஒரே ஒரு தரம் வைத்தேன், வேண்டுமென்று வைக்கவில்லை, தானாக நடந்தது, அது எப்போது என்று நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் நானும் சீட்டுப் போட்டேன். பகல் பன்னிரண்டு மணிக்கு, கோயிலில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து. நாலுகோடு நோட்டில் சிஸ்டர்கள் அடித்துத் திருத்திய என் சாய்ந்த எழுத்தில், இரண்டு சீட்டிலும், 'செசிலிக்குக் காது நல்லா இருக்கு' என்று எழுதினேன். உபதேசியார் சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து மணியடித்தார், தூணில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்து போயின, என் மகள் சுடரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தன் சீட்டைத் தானே எடுத்துத் தந்தாள். மற்றதை வழக்கப்படி சுடரில் எரித்தேன். நான் மாதாவைக் கும்பிட்டேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ரெஜினா அக்கா வெள்ளைப் பட்டில் பை தைத்தாள். "என்ன கேட்ட ஜெசிந்தா?" என்றாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

"சும்மாக்கா."

"எல்லாரும் சும்மாத்தான் கேக்கோம்" என்றாள்.

அதற்கப்புறம் முப்பத்தாறு நாள் நான் நன்றாக இருந்தேன். பை நெஞ்சில் கிடந்தது. பயம் வந்தால் தொட்டுக்கொள்வேன், உள்ளே பதில் இருக்கிறது, என்ன பதிலாக வேண்டுமானாலும் இருக்கலாம், ஆகவே நல்ல பதிலாகவும் இருக்கலாம். செசிலிக்குப் பத்து மாதம் முடிந்தது. அவள் வாயைத் திறந்து மூடி, மீன் போல, சத்தம் இல்லாமல் என்னிடம் எதையோ பேசினாள். மற்றப் பிள்ளைகள் ம்மா, ப்பா என்கிற வயசு. நான் பையைத் தொட்டுக்கொண்டேன்.

ஆனி மாதக் கடைசியில் மாதா திருநாள். காலைப் பூசை முடிந்து சப்பரம் தெருவைச் சுற்றிக் கோயில் வாசலுக்கு வரும்போது, வேட்டுக்காரன் வைத்த தீயில் ஒரு வாணம் மேலே போகாமல் திரும்பிவந்து, பந்தலுக்குப் பின்னால் குவித்துவைத்திருந்த மொத்த வேட்டிலும் விழுந்தது. ஊர் இருண்டு வெளுத்தது. நிலைக்கதவின் கண்ணாடி உதிர்ந்தது, சப்பரம் தூக்கியவர்கள் மாதாவோடு உட்கார்ந்துவிட்டார்கள், நாய்கள் கடலுக்குள் ஓடின, யாருக்கும் ஒரு கீறல் இல்லை, ஆனால் கூடியிருந்த அத்தனை பேரும் குனிந்து நெஞ்சில் கிடந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். புகை கொஞ்சம் விலகியபோது ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னை இல்லை, என் தோளை. செசிலி என் தோளில் வாயைப் பிளந்து, எச்சில் ஒழுக, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மணலில் நின்றதால் வேட்டின் அதிர்வு என் காலோடு நின்றுவிட்டது போலும், அவள் இமைகூட அசையவில்லை.

பிறகு ரெஜினா அக்காவின் குரல்: "பாரேன், மாதா மடியில தூங்குத மாதிரி தூங்குது."

"சம்மனசுல்லா" என்றார் உபதேசியார் அவசரமாக.

"சம்மனசு, சம்மனசு" என்று ஊரே சொன்னது. சப்பரத்தை மறுபடியும் தூக்கினார்கள்.

கூட்டத்தோடு நானும் நகர்ந்தேன். என் முழங்கையை யாரோ பிடித்தார்கள். மேரி கிளாரா.

"அக்கா, இவளுக்குக் கேக்கல."

நான் நடந்தேன்.

"எல்லாருக்கும் தெரியும்க்கா. யாரும் சொல்ல மாட்டாங்க. நானும் இவ்வளவு நாள் சொல்லாமத்தான் இருந்தேன்."

அவளை நோகடிக்க எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். "உங்கப்பா உங்கிட்ட கேட்டாரா?"

அவள் முகம் மாறியது, ஆனால் கையை விடவில்லை. "கேக்கல. அதுக்காக நானும் வாயப் பொத்திட்டே இருக்கணுமாக்கா?"

கோயிலுக்குப் பின்னால், கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் போய் நின்று, பிள்ளையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றி, வெள்ளைப் பட்டுப் பையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். வேர்வையில் காகிதம் மெத்தென்றாகியிருந்தது. என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். கூட்டிக்கொண்டு போ என்று இருக்கும். அல்லது ஜெபப் புத்தகத்தைத் திற என்று. ரெஜினா அக்காவுக்கு வந்ததுபோல நெஞ்சைக் கிழிக்கிற ஏதாவது ஒன்று. அழுவதற்குத் தயாராகப் பிரித்தேன்.

'செசிலிக்குக் காது நல்லா இருக்கு' என்று இருந்தது.

என் எழுத்து. நான் எழுதினது. ஒரு புள்ளி மாறவில்லை. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஒன்றும் இல்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். குழம்பிப்போனேன். ஊரில் அத்தனை பேருக்கும் மாற்றி எழுதினவள் எனக்கு மட்டும் ஏன் எழுதவில்லை? கோபமா? இல்லை, பிள்ளையைச் சுகப்படுத்தி, நான் எழுதியதையே மெய்யாக்கிவிட்டாளா? செசிலியின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து அவள் பெயரைச் சொன்னேன், முதலில் மெதுவாக, அப்புறம் கத்தினேன், கல்லறைச் சிலுவை மேல் இருந்த காக்கை பறந்தது. அவள் தூங்கினாள். மறுபடியும் சீட்டை வாசித்தேன். ஆசைப்பட்ட பதில், முப்பத்தாறு நாள் மார்பில் சுமந்த பதில், ஊரில் யாருக்கும் கிடைக்காத அதிசயமாக எனக்கு மட்டும் சொல்லுக்குச் சொல் கிடைத்திருந்தது, அதில் ஒரு சொல்லைக்கூட என்னால் நம்ப முடியவில்லை. இன்றுவரைக்கும் எனக்கு அது விளங்கவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால், யாரிடம் கேட்பது?

மறுநாள் விடிந்ததும் ஜெபப் புத்தகத்தில் இருந்த சீட்டை எடுத்தேன். பிள்ளைக்கு மூன்று ஜட்டி, ஒரு துண்டு, பால்பாட்டில். அவர் காபியோடு வந்து பார்த்தார்.

"எங்க போற?"

"திருநெல்வேலிக்கு."

எதுக்கு என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் காபியை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

பெரியாஸ்பத்திரியில் காது வார்டுக்கு வெளியே நீள பெஞ்சில் எங்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர், ஒரு தாத்தா, காதில் பஞ்சு வைத்த ஒரு பெண், எங்களைப் போலப் பிள்ளையோடு இரண்டு பேர். செசிலி என் மடியில் நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். என் கழுத்தில் பை இல்லாததை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"பிரிச்சிட்டியா?"

"பிரிச்சிட்டேன்."

"என்ன இருந்துச்சு?"

சீட்டைக் கையில்தான் வைத்திருந்தேன், தூக்கிப்போட முடியவில்லை. கொடுத்தேன். வாசித்தார். "நீ என்ன எழுதின?"

"இதையேதான்."

அவர் வீட்டுச் சாவியை எடுத்து, நீலப் பையின் ஓரத்தில் குத்தி, ரெஜினா அக்காவின் தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். அக்கா இரட்டைத் தையல் போட்டிருந்தாள், நேரமானது. உள்ளே இருந்த சீட்டைப் பிரித்து வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். ஐஸ் கம்பெனி ரிஜிஸ்டரில் அவர் எழுதுகிற பெரிய பெரிய எழுத்து. 'ஜெசிந்தாவிடம் கேள்.'

"நீங்க என்ன எழுதிப் போட்டீங்க? கம்பெனி விஷயம்னீங்களே?"

"நீ எழுதுனதுதான்" என்றார். "காது நல்லா இருக்குன்னு."

மாதா என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று முதலில் தோன்றியது. பிறகு அப்படியும் தோன்றவில்லை. என்ன தோன்றியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. எதிர்ச்சுவரில் ஒரு காதின் படம், உள்ளே நத்தை மாதிரி சுருட்டி வரைந்திருந்தார்கள், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, கேக்கேன்" என்றார் அவர். "உனக்கு எப்பத்துல இருந்து தெரியும் ஜெசி?"

குக்கர் விசில். அடுப்பங்கரையை ஒட்டித் தொட்டில். நான் கூடத்திலிருந்து ஓடிவருவதற்குள் நாலு விசில் அடித்துவிட்டது, பிள்ளை முழித்து அலறப்போகிறாள் என்று ஓடிவந்தேன். அவள் முழித்துத்தான் கிடந்தாள். தொட்டில் கயிற்றில் ஊறுகிற எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஐந்தாவது விசில் என் காதைப் பிய்த்தபோதும் எறும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலாம் மாசத்துல இருந்து" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். சாவியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஆறாம் மாசத்துல" என்றார்.

செசிலி குனிந்து, அவர் மடியிலிருந்து ஒன்றும் என் கையிலிருந்து ஒன்றுமாக, இரண்டு சீட்டையும் எடுத்தாள், எடுத்துப் பழகின கை, எடுத்த கையோடு வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தாள். பிடுங்க உபதேசியார் இல்லை. நாங்களும் பிடுங்கவில்லை. கதவைத் திறந்து ஒரு நர்ஸ் வெளியே வந்து, "செசிலி! செசிலி யாரு?" என்று கூப்பிட்டாள். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், காதில் பஞ்சு வைத்த பெண்கூட. அவள் மட்டும் காகிதத்தைச் சப்பிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் எழுந்தோம்.